ஒரு சொட்டு நடிப்பு

போன ஞாயிற்றுக்கிழமை மணமேல்குடிக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். மாப்பிள்ளை என் கொழுந்தனார். சினிமா நடிகர்.

சிரிக்காதீர்கள். காரில் நானும் சிரிக்காமல்தான் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டேன். "எழுதுங்க அண்ணி, படத்துக்கு விளம்பரமாச்சு" என்றார்.

விஷயம் இதுதான். போன வருடம் சில சென்னை இளைஞர்கள் ஒரு கேமராவோடு எங்கள் கறம்பக்குடிக்கு வந்தார்கள். சின்ன பட்ஜெட் படம். பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. வேலைவெட்டி இல்லாத ஒருவன் தினமும் பாருக்குப் போய் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் - அவ்வளவுதான் கதை. அதற்கு ஆள் தேடி எங்கள் ஊர் பாருக்குப் போனார்கள். அங்கே ஒரு நாற்காலியில் என் கொழுந்தனார் உட்கார்ந்திருந்தார்.

தேடல் முடிந்தது.

ஷூட்டிங்கில் டம்ளரில் ஊற்றியது வெறும் கூல்டிரிங்ஸ். "நேச்சுரலா இல்லையேண்ணே" என்று டைரக்டர் குறைப்பட்டாராம். "சரக்கே நேச்சுரலா இல்லையே தம்பி" என்றாராம் இவர்.

படம் ஓடிடியில் வந்தது. யாருக்கு லாபமோ, என் மாமியாருக்குப் பெரிய லாபம். அதுவரை பெண் வீட்டார் யாராவது "பையன் என்ன செய்யிறாப்ல?" என்று கேட்டால் அத்தைக்கு இருமல் வந்துவிடும். இப்போது நிமிர்ந்து சொன்னார் - "சினிமாவுல இருக்கான்."

பக்கத்தில் நின்று தலையாட்டினேன். பி.எட். முடித்தவள்தான். ஆனால் மாமியார் பேசும்போது தலையாட்டுவதுதானே மருமகளின் கடமை? இல்லையோ...

மணமேல்குடியில் குடும்பமே படத்தைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு ஒரே பூரிப்பு.

"நெசக் குடிகாரன் மாதிரியே செஞ்சிருக்கீங்க மாப்ள. கண்ணுகூட செவந்து போயிருக்கு. எப்படி?"

"கொஞ்சம் ப்ராக்டிஸ்தான் மாமா."

கொழுந்தனார் பொய்யே சொல்லவில்லை, கவனியுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பெண் பிடித்திருந்தால் மூத்த மருமகள் உள்ளே போய் அவள் தலையில் பூ வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டால் பேச்சு முடிந்ததாக அர்த்தம். அத்தைக்குப் பிடித்துவிட்டது. "உள்ள போயி பூவ வச்சுட்டு வா" என்று கண்ணைக் காட்டினார். இடுப்பில் என் மூன்று வயது மகள், கையில் மல்லிகைப் பொட்டலம் - போனேன்.

பெண் கேசரியைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? படத்துல அவரு குடிக்கிறதுக்கு முன்னாடி வெரல நனைச்சு ஒரு சொட்டு கீழ சுண்டி விடுறாரு. அது டைரக்டர் சொல்லிக் குடுத்ததா?"

தினமும் குடிப்பவர்களின் விரல் பழக்கம் அது. அவர் வீட்டில் மோருக்கும் அப்படித்தான் சுண்டுவார். பார்த்துப் பார்த்து எங்கள் கண்ணுக்கு அது தெரியாமலே போய்விட்டது. டம்ளரில் கூல்டிரிங்ஸ் இருந்தால் என்ன, விரலுக்கு அது தெரியுமா?

"எங்க அப்பா காபிக்கே சுண்டுவாரு. நீங்க என்ன சொன்னாலும் நம்புறேன்க்கா."

இதை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் அத்தையின் வேண்டுதல் எல்லாம் வீண். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணின் வாழ்க்கை... என் மகள் பொட்டலத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இவளுக்கும் ஒருத்தி பூவோடு வருவாள். அவள் தலையாட்டுகிறவளாக இருந்துவிட்டால்?

"சொல்லிக் குடுக்கல" என்றேன். "தெனமும் போவாரு."

"வேலை?"

"போகணும்னு இருக்காரு."

எனக்கே மனசு கேட்கவில்லை. "ஆனா ரொம்ப நல்லவரும்மா" என்றேன். அதுவும் உண்மைதான்.

"எங்க அப்பாவும் நல்லவருதான்க்கா."

பொட்டலத்தை வாங்கி, பூவை என் மகளின் குட்டைக் குடுமியில் செருகிவிட்டாள். கேசரியையும் கொடுத்தாள். "சூடா இருக்கு, ஊதிக் குடுங்க."

வெளியே வந்ததும் அத்தை முதலில் என் கையைப் பார்த்தார். அப்புறம் பேத்தியின் தலையைப் பார்த்தார்.

திரும்பும் வழியில் அறந்தாங்கியில் டீ குடிக்க இறங்கினோம். கொழுந்தனார் எனக்கும் ஒரு கப் வாங்கி வந்தார்.

"என்ன கேட்டுச்சு அண்ணி அந்தப் பொண்ணு?"

நான் சொன்னது சரியா, தப்பா? இன்று வரை தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் சொல்லாத பொய்யை இவரிடம் சொல்ல என்னால் முடியாது. விரலைப் பற்றிச் சொன்னேன்.

அவர் விரல் அப்போது டீ கப்பின் விளிம்புக்குப் போயிருந்தது. அங்கேயே நின்றது. மெல்ல மடங்கி உள்ளங்கைக்குள் போனது.

"விடுங்க அண்ணி. எனக்கும் அந்தப் பொண்ணப் பெருசா ஒண்ணும் பிடிக்கல" என்று சொல்லிச் சிரித்தார்.

படம் முழுக்கத் தேடினாலும் இவ்வளவு நல்ல நடிப்பு அவரிடம் கிடையாது.