புரோத்ராபூரில் எல்லோரும் அண்ணாந்து பார்த்த மதியம்

"கேபிள் பூமிக்கடியில், கரண்ட் போகாது" என்று அந்த வீட்டு விடுதியின் விளம்பரத்தில் இருந்தது. நம்பவில்லை. ஆனாலும் ஜனவரியில் கிடைத்த ஐந்து நாள் விடுப்புக்கு அதையே பதிவு செய்தேன். வாடகை நாளுக்கு 1,400. போர்ட் பிளேர் விமான நிலையத்திலிருந்து ஆட்டோவுக்கு 200.

வீட்டுக்காரர் மும்தாஜ். கணவருக்கு பஜாரில் துணிக்கடை. சமையலறையில் ஒரு தெர்மாகோல் பெட்டி, உள்ளே பல்பின் சூட்டில் பொரிக்க வைத்த அறுபது கோழிமுட்டைகள். முன்பு கரண்ட் போய் மூன்று ஈடு வீணாயிற்றாம். தெருவரை கேபிள் அரசுச் செலவு. அங்கிருந்து மீட்டர் வரை முப்பத்தெட்டு மீட்டருக்கு இவர் கொடுத்தது 46,000.

"இந்த ஈடும் போச்சுன்னா பெட்டியத் தூக்கிப் போட்டுட்டு கடையில வந்து நில்லுன்னுட்டாரு அவரு, மேடம்."

முட்டைகளுக்கு இருபதாம் நாள்; பொரிய இன்னும் ஒரு நாள். மதியம் 2.10. காற்றில்லை, மழையில்லை; மின்விசிறி நின்றது. தெருவே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. கரண்ட் போனால் கம்பி போகும் வழியே நடந்து, தென்னமட்டை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்து லைன்மேனுக்குச் சொல்வது இங்கே வழக்கம். நானும் பார்த்தேன். வானம்தான் இருந்தது.

மூன்று மணிக்கு லைன்மேன் வந்தார். இங்கே அண்ணி 'பாபி', அண்ணன் 'பய்யா'.

"எங்க ஃபால்ட்னு கண்ணால பாத்தா தெரியுமா, பாபி? மெஷின் வேணும். அது ரிப்பேருக்கு மெயின்லேண்ட் போயிருக்கு."

"எப்ப வரும்?"

"ஷிப் வந்தா வரும்."

"அச்சா! அப்ப அவ்வளவு காசு குடுத்து என்னத்தைப் புதைச்சோம், பய்யா?"

லைன்மேன் என் பக்கம் திரும்பினார். "மேல இருந்தா மட்டை விழுது. கீழ இருந்தா தெரியல. நீங்க சொல்லுங்க மேடம், எது நல்லது?"

நான் உள்ளே போய்ப் பெட்டிக்கு ஒரு போர்வை எடுத்து வந்தேன்.

டெலானிபூரில் மும்தாஜின் தங்கை வீட்டுக்கு இன்னும் பழைய கம்பிதான். அங்கே கரண்ட் இருந்தது. ஆட்டோவுக்கு 300. போர்வை சுற்றிய பெட்டி என் மடியில்.

"ஆட்டாதீங்க மேடம்."

"நான் ஆட்டல. ரோடு ஆட்டுது." வழியெல்லாம் கேபிளுக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளங்கள். பாதி வழியில் பெட்டிக்குள் மெல்லிய கீச்சொலி. மும்தாஜ் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் நாற்பத்து மூன்று குஞ்சுகள் வெளியே வந்தன. புரோத்ராபூரில் கரண்ட் வரவில்லை.

போகிறவர்கள் டார்ச்சும் பவர் பேங்க்கும் எடுத்துப்போங்கள். கேபிள் எங்கே ஓடுகிறது என்பதைவிட, அறுந்தால் யார் கண்டுபிடிப்பார் என்று கேளுங்கள்.

ஊருக்குக் கிளம்புமுன் குஞ்சுகளைப் பார்க்க டெலானிபூர் போனபோது மும்தாஜிடம் கேட்டேன்: "அடுத்த ஈடு எங்க வைப்பீங்க?"

"இங்கதான், தங்கச்சி வீட்ல," என்று சொல்லிக்கொண்டே மும்தாஜ் பழக்கதோஷத்தில் அண்ணாந்தார். கம்பிக்கு நேர்மேலே, காய்ந்த தென்னமட்டை ஒன்று மரத்தை விட்டுப் பாதி சாய்ந்திருந்தது.