நைனாவின் கட்டைவிரல்

நைனா இறந்த அன்று எனக்கிருந்த பெரிய கவலை, அவர் கட்டைவிரலில் இருந்த மை.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஆந்திராவில் எங்கள் ஊரான வரதய்யபாளையம் பக்கம் ஏதோ கம்பெனி வருகிறதென்று, எங்கள் மேட்டு நிலத்தைக்கூட ஆட்கள் காரில் வந்து பார்த்துவிட்டுப் போன வருடம். ரேணிகுண்டாவில் பட்டறை வேலை பார்த்த நைனா சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். ஒரு சனிக்கிழமை காய்ச்சலோடு வந்தவர் பத்தே நாளில் போய்விட்டார்.

குளிப்பாட்டுவதற்கு முன்னால் அம்மாவும் மாமாவும் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உள்ளே இருந்தார்கள். அவர்கள் வெளியே வந்ததும் நான் போய்ப் பார்த்தேன். இடது கட்டைவிரல் நீலமாக இருந்தது. என்னுடையது ஒழுகுகிற பேனா. வீட்டில் எங்கே கறை பட்டாலும் அடி எனக்குத்தான். செத்தவர் மேலும் மை கொட்டிவிட்டாள் என்பார்களே என்று பயந்து, தேங்காய் எண்ணெயும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். விரல் சில்லென்றிருந்தது. அழுகை வந்தது. ஆனாலும் விடவில்லை.

மூன்று மாதம் கழித்து எம்.ஆர்.ஓ. ஆபீசில், அதாவது தாசில்தார் ஆபீசில், கூப்பிட்டார்கள். ரேணிகுண்டாவிலிருந்து ஒரு பெண் மனு கொடுத்திருந்தாள். நிலம் முழுக்க அம்மாவுக்கே என்று நைனா எழுதிவைத்ததாகக் காட்டிய உயில் பொய், கையெழுத்துப் போடுகிறவர் எதற்குக் கைநாட்டு வைக்கிறார், அது பிணத்தின் விரல் என்றாள். காய்ச்சலில் கை நடுங்கியது என்றார் மாமா. குழந்தை பொய் சொல்லாது என்று நம்பிய அதிகாரி, அன்றைக்கு உன் நைனா விரலில் மை இருந்ததா என்று என்னிடம் தெலுங்கில் கேட்டார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற பேச்செல்லாம் எனக்கு விளங்கவில்லை. மை என்றது மட்டும் கேட்டது. பேனா விஷயம் இவர்வரை வந்துவிட்டதே என்று பயந்து அவசரமாகச் சொன்னேன்.

"லேது சார். சுத்தமா இருந்துச்சி. நான் பாத்துக்கினேதான இருந்தேன்."

மனு தள்ளுபடியானது. மாமா எனக்குக் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். யார் அந்தப் பொம்பளை என்று அம்மாவைக் கேட்டேன். "பட்டறை ஆளுங்க, நீ வா" என்றாள்.

வாசலில் அந்தப் பெண்ணோடு வந்த சிறுமி நின்றிருந்தாள். என்னைவிட ஒரு சாண் குட்டை. கிட்டே வந்து மெதுவாகக் கேட்டாள்.

"நைனாவுக்குக் கடைசில ரொம்ப வலிச்சிச்சா?"

யாரோ பெற்ற பெண் எங்கள் நைனாவை நைனா என்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. "உனக்கென்னாடி?" என்று கேட்டுவிட்டு, பஸ் பிடிக்க ஓடினேன்.