டாக்டரின் வலது காது

ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார்மேல் ஊன்றி, பிடியை வலது காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கோளாறு என்றால், "பேரிங் சரியில்ல. பிள்ளைக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று ஒதுக்கிவிடுவார். நல்ல மோட்டார் என்றால் சாக்பீஸால் ஒரு டிக். தண்ணீர் மோட்டார் செய்யும் எங்கள் கம்பெனியில் அவருக்கு டாக்டர் என்றுதான் பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்.

டாக்டருக்கு வாய் அதிகம். தலைவலித்தாலும் கம்பெனியைத் திட்டுவார், மழை பெய்தாலும் கம்பெனியைத் திட்டுவார். "இந்த இடத்துல மனுஷன் இருப்பானா?" என்று கேட்டுக்கொண்டே இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டார். வேறு யாராவது எங்கள் மோட்டாரைக் குறை சொன்னால் மட்டும் பொறுக்காது. இதற்காகச் சொந்த மைத்துனரோடு ஒரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

போன வாரம் ஸ்டோர் மூலையில் எட்டு மோட்டார்கள் தனியாக நின்றதைப் பார்த்துவிட்டார். எட்டிலும் அவருடைய டிக். எட்டிலும் 'பேரிங் கோளாறு' என்று சீட்டு. மனிதர் முகம் செத்துவிட்டது. பில்லுக்குக் கணக்கெடுக்க வந்து பக்கத்தில் நின்ற என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வலது காது ஆறு மாசமா மந்தம்பா. சொன்னா வேலை போயிடும்னு மறைச்சிட்டேன்."

இடது காதில் வைத்துப் பார்க்கக் கூடாதா என்றேன்.

"அதுக்குச் சும்மா சத்தம்தான் கேக்கும். சீக்கு தெரியாது."

நேராக மேனேஜர் அம்மாவின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

அவர் சொல்லி முடித்ததும் அந்த அம்மா, "எங்களுக்குத் தெரியும் டாக்டர்" என்றார். "இங்க எல்லாரும் உங்க இடது பக்கமா வந்துதானே பேசுறாங்க, கவனிக்கலையா? நீங்க டிக் போட்டதை காயில் சுத்துற வைண்டிங் அக்கா இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்துட்டுத்தான் அனுப்புறாங்க. கோளாறானது ஒண்ணுகூட வெளிய போகல."

மாடியில் பில் போடுகிற எனக்கு இது எதுவும் தெரியாது.

"அப்புறம் ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தோம். நாளைக்குக் காது டாக்டரைப் போய்ப் பாருங்க. அப்படியே இடது காதையும் பழக்குங்க. பழகுற வரைக்கும் அக்கா கூட நிப்பாங்க."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. டாக்டர் நேராக வாசலுக்குப் போனார்.

இத்தனை வருடமும், எந்த நிமிடமும் கிளம்பிவிடுகிற ஆள்போல, சட்டையைக் கழற்றி வாசலில் சைக்கிள்மேல்தான் போட்டுவைப்பார். அன்று அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். தன் மேஜைக்கு நேராகச் சுவரில் ஓர் ஆணி அடித்து, அதில் மாட்டினார்.