முத்தியால்பேட்டை மூலை வீட்டு நீலப் பலகை

இன்று காலை முத்தியால்பேட்டையில் அந்த மூலை வீட்டு மதிலை இடித்திருப்பதைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டினேன்.

அந்த மதிலில்தான் நம் நீலப் பலகை இருந்தது. மேலே பிரெஞ்சு, கீழே தமிழ், இரண்டிலும் தெருப்பெயர். அதன் படத்தை இந்தக் குழுவில் எத்தனை முறை போட்டிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

கிட்டே போனால், புது மதில் பாதி எழும்பியிருக்கிறது. நடுவில் இரண்டடி அகலத்துக்குப் பழைய செங்கல் சுவர் மட்டும் இடிபடாமல் நிற்கிறது. சிமென்ட் தெறிக்காமல் இருக்க அதன்மேல் சாக்கு கட்டியிருந்தார்கள். சாக்கைத் தூக்கினால் பலகை.

"கழட்டி வெச்சுட்டு அப்புறமா மாட்டியிருக்கலாமே மேஸ்திரி" என்றேன்.

"ஆணியெல்லாம் துருவேறிப் போச்சு சார். நெம்புனா மேல இருக்கற பீங்கான் பூச்சு தெறிச்சிடும். செவுத்துலேர்ந்து பலகைய எடுக்க முடியல. அதான் பலகைக்கு அந்தச் செவுர உட்டுட்டேன்."

வீட்டுக்கார அக்கா வாசலில் நின்று சொன்னார்: "ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும்னு சொல்லிப் பாத்தேன். பலகைய பேத்து எடுக்கணும்னா வேற ஆள பாத்துக்குங்கன்னுட்டாரு."

பழைய பலகைகளுக்காக நம் குழு இத்தனை நாளும் செய்தது, படம் எடுத்ததும் ஹார்ட் போட்டதும்தான்.

பலகையோடு ஒரு படம் எடுக்கிறேன் என்றேன். மேஸ்திரி சாக்கை அவிழ்த்துவிட்டு, சரியாகப் பலகைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"செவுரு நேரா தெரியுதா சார்?"

நூல் பிடித்த மாதிரி தெரிகிறது. பலகைதான் தெரியவில்லை. பலகை இன்னும் அங்கேதான் இருக்கிறது என்பதை நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து கமென்ட்டில் சண்டை போடுங்கள்.