அக்கா தேர்தல் கேட்ட கதை

அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரும்படி அத்தான் என்னைக் கேட்டு மூன்று கிழமையாகிறது. பிறந்த இடம், படித்த பள்ளிக்கூடம், பார்த்த வேலை எல்லாவற்றையும் ஒரே இருப்பில் எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு பேனை ஓடவில்லை. அறுபது வயதைத் தாண்டிய பிறகு அக்கா பிரதேச சபைத் தேர்தலுக்குப் பெயர் கொடுத்து, உறுப்பினராகி, பதவிக்காலம் முடியும்வரை சபைக்குப் போய்வந்தார். அந்த வருடங்களில் அவர் செய்தவற்றில் பாதிக்கு எனக்கு இன்றும் காரணம் தெரியாது. தெரிந்ததைத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். வாசிக்கும் உறவுகள் பொறுத்தருள வேண்டும்.

அக்கா கொழும்பில் கொட்டாஞ்சேனையில் பிறந்தார். எங்கள் அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். மூத்த பிள்ளை அக்கா. நான் அவரைவிட எட்டு வயது இளையவன். இரண்டு அறை வீடு. ஆறு குடும்பங்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய். அந்தக் குழாயடியில் வாளியோடு காத்து நின்றே அக்கா சிங்களம் கற்றுக்கொண்டார் என்று அம்மா சொல்வார். பள்ளிக்கூடம் முடித்ததும் தட்டெழுத்துப் படித்து, கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் சேர்ந்தார். மூன்று மொழியிலும் பிழையில்லாமல் தட்டெழுதக்கூடியவர் அந்த அலுவலகத்தில் அவர் ஒருவரே. மேலாளர் எழுதிய கடிதத்தில் பிழை இருந்தால் தட்டெழுத மாட்டார். சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். இதற்காக அவரை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று அப்பா பயந்துகொண்டே இருந்தார். இருபத்தெட்டு வருடம் ஒருவரும் நிறுத்தவில்லை.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தின்போது நாங்கள் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் தங்கியிருந்தோம். அங்கே இருந்த எல்லாருடைய பெயர்களையும் அக்காதான் கொப்பியில் எழுதினார், ஒரு பக்கம் தமிழில், மறு பக்கம் சிங்களத்தில். மற்றவர்கள் அழுதுகொண்டிருக்கும்போது இவர் என்ன பெயர் எழுதுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. வடக்கே போகும் கப்பலில் ஏற ஆட்களைக் கூப்பிட்டபோது அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். நாங்கள் ஏறவில்லை. அப்பா கொழும்பை விட்டு வர மறுத்துவிட்டார்.

அடுத்த வருடம் அச்சகமொன்றில் வேலை பார்த்த அத்தானை அக்கா மணந்தார். துளசி பிறந்தாள். கொட்டாஞ்சேனை வீட்டுக்காரர் வீட்டைத் திருப்பிக் கேட்டதும் ஹெந்தளைக்கும் அப்பால் ஒரு சிறு ஊருக்குக் குடிபோனார்கள். அந்த ஊரின் பெயரை நான் எழுதவில்லை; அந்தச் சபையில் இருந்தவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். அக்கா போன காலத்தில் தென்னந்தோட்டமும் சதுப்பும்தான். பிறகு ஒரு வங்கி வந்தது, பிறகு மூன்று வங்கி வந்தது, தோட்டங்கள் துண்டு துண்டாகி மாடி வீடுகள் எழும்பின. சதுப்பை நிரப்பியதால் மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் குறுந்தெருக்களான ஒழுங்கைகளுக்குள் வந்தது. ஊர் அவ்வளவு வேகமாக வளர்ந்தது.

சபையில் நான்கில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்று புதிய சட்டம் வந்த தேர்தல் அது. கட்சிகள் பெண்களின் பெயர்களைத் தேடி வீடு வீடாக அலைந்தன. ஒருநாள் அத்தானிடமிருந்து தொலைபேசி வந்தது.

“உன்ர அக்கா எலெக்சன் கேக்கிறாவாம். உனக்குத் தெரியுமோ?”

“ஆர் சொன்னது?”

“மீன்காரன் சொல்லுறான். எனக்கு மீன்காரன் சொல்லித்தான் தெரியவேணும்!”

நான் உடனே பஸ் எடுத்துப் போனேன். அக்கா போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கட்சி அமைப்பாளர் வந்து கேட்டாராம், அவர் கொண்டுவந்த தாள்களில் ஐந்து இடத்தில் கையெழுத்து வைத்தாராம்.

“பேர்தானே கேட்டவை, தம்பி. குடுத்தனான். மேலதிகப் பட்டியலாம். தெருவில இறங்கத் தேவையில்லையாம்.”

“ஏனக்கா, எங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“உங்களிட்ட ஏன் கேக்க வேணும்? என்ர பேர்தானே.”

சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

தேர்தலில் அந்தக் கட்சி அக்காவின் வட்டாரத்தில் தோற்றது. அத்தோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தோம். ஆனால் கட்சி எல்லா வட்டாரங்களிலும் எடுத்த மொத்த வாக்குகளின் கணக்கில், வட்டாரத்தில் நிற்காதவர்களின் அந்த மேலதிகப் பட்டியலிலிருந்து ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்தது. பட்டியலில் பெண்கள் நால்வர். கட்சித் தலைமையிலிருந்து தேர்தல் அலுவலகத்துக்கு அக்காவின் பெயர் போய்விட்டது. ஏன் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. இரண்டாம் நாளே அமைப்பாளர் வீட்டுக்கு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன்.

“அக்கா, குறை நினைக்கக் கூடாது. இது என்ர மச்சாளுக்கு வரவேண்டிய இடம். மேல ஆரோ பேரை மாறிப் போட்டிட்டினம். அண்டைக்கு நீங்க வைச்ச கையெழுத்தில ஒண்டு ராஜினாமாக் கடிதம். இப்ப அதைக் குடுக்கப் போறம். சொல்லிப்போட்டுக் குடுப்பமெண்டு வந்தனான்.”

ஐந்து கையெழுத்தில் ஒன்று விலகுவதற்கானது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. நான்தான் பேசினேன். “குடுக்கட்டும் அக்கா. எங்களுக்கேன் இந்த அரசியல்? தொல்லை விட்டுது.”

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கி வாசித்தார்.

“இதில திகதி இல்லையே.”

“அது நாங்க போடுவம் அக்கா.”

“நீங்கள் போட்டால் அது நீங்கள் எழுதின கடிதம். நான் எழுதினது இல்லை. இருபத்தெட்டு வருஷம் நான் கந்தோரில கடிதந்தான் அடிச்சனான், தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

அமைப்பாளர் தேநீரைக் குடித்துவிட்டுக் கடிதத்தோடு போனார். நாங்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தோம். அந்தக் கடிதம் எங்கேயும் கொடுக்கப்படவில்லை. அமைப்பாளர் ஏன் கொடுக்கவில்லை என்று நாங்கள் குழம்பினோம். ஊரும் குழம்பியது.

சபையின் முதல் கூட்டத்துக்கு அக்கா வெங்காய நிறச் சேலை கட்டிக்கொண்டு முச்சக்கர வண்டியில் போனார். பார்வையாளர் வாங்கில் போய் உட்கார்ந்தவரைச் சிற்றூழியர்தான் உள்ளே கூட்டிப்போய் இருத்தினாராம். அன்று சபைத் தலைவரான தவிசாளரைத் தெரிவு செய்யக் கையுயர்த்தச் சொன்னார்கள். அக்காவின் கட்சி ஒருவரையும் மற்றக் கட்சி இன்னொருவரையும் நிறுத்தியிருந்தன. அக்கா மற்றவருக்குக் கை உயர்த்தினார். அந்த ஒரு கையால் மற்றவர் தவிசாளரானார்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு அக்கா சொன்ன பதில்கள் இவை. அத்தானிடம், “மாறி உயர்த்திப்போட்டன்” என்றார். துளசியிடம், கேள்வி கேட்பதற்காகக் கையை உயர்த்தியதாகவும் அதை எண்ணிவிட்டார்கள் என்றும் சொன்னார். என்னிடம், “அந்த மனுசன் ஒருத்தர்தான் எங்கட ஒழுங்கைத் தண்ணியைப் பற்றிக் கதைச்சவர்” என்றார். மூன்றில் எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றும் உண்மையாக இருக்க முடியாது.

கட்சிக்காரர்கள் வீட்டு வாசல் படலையில் வந்து நின்று ஏசினார்கள். தவிசாளரின் ஆட்கள் பூமாலையோடு வந்தார்கள். சில மாதங்களில் தவிசாளரின் வரவு செலவுத் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது அக்கா அதற்கு எதிராக வாக்களித்தார். மாலை கொண்டுவந்தவர்கள் இப்போது படலைக்கு வந்து ஏசினார்கள். கொட்டாஞ்சேனைச் சந்தையில் எனக்குத் தெரிந்த ஒருவர், “உங்கட அக்கா அங்காலயும் இங்காலயும் பல்டியாமே” என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுச் சிரித்தார். நான் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

“நீங்கள் எந்தப் பக்கம் அக்கா? அதையாவது சொல்லுங்கோ. என்னால தலை நிமிர்ந்து நடக்கேலாமல் கிடக்கு.”

“மதகு அந்தத் திட்டத்தில இல்லை, தம்பி. அதுதான் எதிர்த்துக் கை உயர்த்தினனான்.”

“ஒரு மதகுக்காகவோ குடும்ப மானத்தை விக்கிறியள்?”

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. அக்கா எழுந்து உள்ளே போனார். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. தைப்பொங்கலுக்கும் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

அந்த வருடத்தில் நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். ஒவ்வொரு கிழமையும் அக்கா சபைக்கு ஒரு கடிதம் தட்டெழுதினாராம், மூன்று மொழியிலும். எல்லாம் ஒரே விடயம்: மூன்றாம் ஒழுங்கையின் முனையில் ஒரு மதகு வேண்டும். அந்த ஒழுங்கையில் அக்காவின் வீடு இல்லை. அங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் முகத்துவாரத்திலிருந்து வந்து குடியேறிய மீன்பிடிக் குடும்பங்கள், சிங்களவரும் தமிழரும். ஒரு மழைக்காலத்துக்கு முன்பு மதகு கட்டப்பட்டது. திறப்பு விழாவுக்கு அக்காவுக்கு அழைப்பு வரவில்லை. பெயர்ப்பலகையில் வேறொருவர் பெயர் இருக்கிறது. முதல் பெருமழையன்று அக்கா குடை பிடித்துக்கொண்டு போய், தண்ணீர் ஓடுவதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றதாகத் துளசி சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் வெட்கத்தோடு போனேன். அக்கா ஒன்றையும் கிளறவில்லை. “சாப்பிட்டனியோ?” என்று மட்டும் கேட்டார்.

பதவிக்காலம் முடிந்ததும் அக்கா பழையபடி வீட்டோடு இருந்தார். பிறகு சிறுநீரக நோய் வந்தது. கடைசி இரண்டு மாதங்கள் நானும் துளசியும் மாறி மாறி ஆஸ்பத்திரியில் நின்றோம். ஒருநாள் பின்னேரம் தெளிவாக இருந்தபோது கேட்டேன்.

“அக்கா, அண்டைக்கு ஏன் அந்தத் தாளில கையெழுத்து வைச்சனீங்கள்?”

“அந்த அமைப்பாளர் தம்பி கேட்டவர்… வெயில் வேற. நான் என்னத்தைக் கண்டன்? தம்பி, சீலையை இழுத்துவிடு, மின்விசிறிக் காத்துக் குளிருது.” நான் இழுத்துவிட்டேன். அடுத்த கிழமை போய்விட்டார்.

செத்தவீட்டன்று ஒழுங்கை வாசலில் இரண்டு பதாகைகள் கட்டப்பட்டிருந்தன. ஒரு கட்சி “எமது முன்னாள் உறுப்பினர்” என்று எழுதியிருந்தது. எதிரே மற்றக் கட்சியும் அதே சொற்களை எழுதியிருந்தது. எதைக் கழற்றுவது என்று வந்தவர்கள் அத்தானைக் கேட்டார்கள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எனக்கும் விளங்கேல்லை. ரெண்டும் நிக்கட்டும்” என்றார்.

செத்தவீடு தொடங்கி எட்டாம் நாள் கிரியை வரை வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றியவர் எனக்குத் தெரியாத ஒரு பெண். எட்டுச் செலவு முடிந்து போகும்போது நன்றி சொல்லி, யாரென்று கேட்டேன். அவர் அமைப்பாளரின் மச்சாள். அக்காவின் இடம் எவருக்கு வரவேண்டியது என்றார்களோ அவரேதான்.

“எங்கட அமைப்பாளர் அத்தான் கடிதத்தோட உங்கட வீட்டை வந்திட்டுப் போன அண்டைக்குப் பின்னேரமே அக்கா எங்கட வீட்டை வந்தவா, அண்ணா. ‘பிள்ளை, உனக்கு இந்த இடம் வேணுமோ? வேணுமெண்டால் நான் விடுறன்’ எண்டு கேட்டவா. எனக்கு ரெண்டும் சின்னப் பிள்ளையள். வேண்டாமெண்டு சொன்னன். அத்தான்காரனும் கேக்கேல்லை, என்ர மனுசனும் கேக்கேல்லை. அக்காதான் கேட்டவா. பிறகு அத்தான்காரன்ர பையில கிடந்த அந்தக் கடிதத்தை நான்தான் எடுத்து அடுப்பில வைச்சன்.”

இதை அக்கா எங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அக்காவின் நோய்க்காலத்தில் இரத்தம் தந்தவர்களுக்கும், தாதியருக்கும், பந்தல் போட்டுத் தந்த மூன்றாம் ஒழுங்கை மக்களுக்கும், தேநீர் ஊற்றிய அந்தத் தங்கைக்கும், இரு கட்சியினருக்கும், கடல் கடந்து வந்தும் தொலைபேசியிலும் துயர் பகிர்ந்த எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒரு வேண்டுகோளும் உண்டு. அக்காவைப் பற்றி எங்களுக்குத் தெரியாத ஏதாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், சிறிய விடயமாக இருந்தாலும், வந்து சொல்லுங்கள். அத்தான் பின்னேரங்களில் வீட்டில்தான் இருக்கிறார்.

தம்பி