ரேமோந்தின் காரத் தைம்

ரேமோந்த் கசால் எழுபது வருடம் தைம் என்னும் மணமூலிகையை அறுத்தாள். இந்த மார்ச்சில் இறந்தாள். வயது தொண்ணூற்றிரண்டு.

அவள் ஊரில் தைம் இரண்டு விதம். கண்ணுக்கு ஒன்றுதான்: அதே குட்டைப் புதர், அதே பொடி இலை, அதே வெளிர் ஊதாப் பூ. மேலே சுண்ணாம்புப் பாறைச் சரிவில் முளைப்பது நாக்கைச் சுடும். கீழே, குளிர்காற்று இறங்கித் தேங்கும் பள்ளத்தில் முளைப்பது இனிப்பாக மணக்கும்; காரம் கிடையாது. ஆனால் கடுங்குளிரைத் தாங்குவது அதுதான். இருமல் மருந்து காய்ச்சுகிறவர் காரத்தை மட்டுமே வாங்குவார். ரேமோந்த் வீட்டில் அடுப்பெரிந்தது அந்தச் சரிவால்.

1956 பிப்ரவரியில் மூன்று வாரம் உறைபனி. ஆலிவ் மரங்களே பிளந்தன. சரிவு முழுக்கப் பழுப்பானது. பாறை இடுக்கில் ஐந்து புதர்கள் பிழைத்தன. அவை பூத்தபோது ரேமோந்த் குனிந்து பார்த்தாள். நான்கில் பூ சிறியது, மகரந்தம் இல்லை; பெண் செடிகள். ஒன்றில்தான் மகரந்தம் இருந்தது. ஆடு மேயாமல் சுற்றிலும் முள் அடைத்துவிட்டு, சமவெளித் திராட்சைத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனாள்.

மறு ஏப்ரலில் திரும்பியபோது சரிவில் நாற்பது புதுச் செடிகள், மொட்டோடு. கணவனின் தம்பி மரியுஸ் உதவியாக இருக்கட்டும் என்று பள்ளத்திலிருந்து கொண்டுவந்து நட்டிருந்தான். அவள் பிடுங்கத் தொடங்கினாள்.

“அண்ணி, பைத்தியமா உங்களுக்கு? வேர் பிடிச்ச செடியைப் பிடுங்கறீங்களே!”

“பூக்கறதுக்குள்ள பிடுங்கணும் மரியுஸ். உன் செடி, என் செடின்னு தேனீக்குத் தெரியுமா? இதோட மகரந்தம் அந்த நாலுக்கும் போச்சுன்னா, முளைக்கறதெல்லாம் சப்புன்னு இருக்கும்.”

“தைம்னா தைம்தானே. முயல் குழம்புல போட்டா யாருக்குத் தெரியப்போவுது?”

“உன் குழம்புல செருப்பைப் போட்டாலும் உனக்குத் தெரியாது. சும்மா நிக்காத, அந்த ஓரத்துல மூணு இருக்கு பாரு.”

முணுமுணுத்துக்கொண்டே பிடுங்கினான்.

இரண்டும் கலந்தால் காரம் தோற்றுவிடும் என்று ஆய்வகங்கள் நிறுவியது பல வருடம் கழித்து. தாவரவியல் படித்த மகள் அதை வந்து சொன்னபோது, “இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?” என்றாள் ரேமோந்த்.

1958 வசந்தத்தில் ஐந்து புதர்களையும் சுற்றி விரலளவு நாற்றுகள் அடர்ந்திருந்தன. முழங்காலிட்டு, ஒவ்வொன்றிலும் ஓரிலை கிள்ளி நாக்கில் வைத்தாள். முதலாவது சுட்டது. இரண்டாவதும். எட்டாவது இனித்தது, பிடுங்கி எறிந்தாள். இருபதுக்குமேல் நாக்கு மரத்துப்போனது. மிச்சத்தை மறுநாள் பார்த்தாள்.

அந்த வருடமும் அவள் அறுக்கவில்லை. விதை விழட்டும் என்று திராட்சைத் தோட்டத்துக்கே மறுபடி கிளம்பினாள்.