அடி தெரியாத கிழங்கு

பாப்பாத்தியிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மண்ணில் எங்கே ஒரு பொந்தைக் கண்டாலும் உள்ளே இருப்பது யார் என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் தாண்டிப் போக முடியாது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று மகள் மஞ்சு தலையில் அடித்துக்கொண்டு நிற்பாள். இவள் வரப்பில் குந்திக்கொண்டு, "இருடி, நண்டு வளையா எலி வளையான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்பாள். பஸ் போய்விடும். நண்டு கிடைத்திருக்கும்.

ஆந்திர எல்லைக்குள், வரதய்யபாளையத்துக்கு வெளியே மலையை ஒட்டியிருக்கும் இருளர் வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. கடையில் அவள் வாங்குவது உப்பும் எண்ணெயும் மிளகாயும் தீப்பெட்டியும்தான். அரிசி ரேஷனில் வந்துவிடும். மற்றதெல்லாம் கையும் காலும் கொண்டுவந்து சேர்ப்பது. சர்க்கார் கட்டிக்கொடுத்த வீட்டின் மொட்டை மாடியை பீர்க்கங்கொடி மூடிக்கிடக்கும். பின்கட்டில் கத்தரி, கொத்தவரை, புடலை. அறுப்பு முடிந்த வயல்களில் எலி பிடிக்க நிலத்துக்காரர்களே ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். வளையின் ஒரு வாயில் புகைப்பானையை வைத்து ஊதினால் மறுவாயில் எலி வரும். வளைக்குள் அது சேர்த்துவைத்த நெல்லும் பாப்பாத்திக்குத்தான். மழை விட்ட மறுநாள் புற்றுமேட்டில் காளான் தேடுவாள். அவளுடைய நைனா காலத்தில் வலை கட்டி முயல் பிடித்தார்கள். இப்போது முயலைத் தொட்டால் கேஸ். தெரியாத கீரை ஒன்று கண்ணில் பட்டால் போதும், நுனிநாக்கில் ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு அரைநாள் காத்திருப்பாள். ஒருதரம் வாய் வீங்கிக்கொண்டு வந்து நின்றாள். சொன்னால் கேட்கிற ஜன்மமா அது?

இத்தனை இருந்தாலும் அவள் உயிர் கிழங்கில்தான். காட்டுவள்ளிக் கொடி மழைக்குத் தழைத்து, தை மாதத்தில் இலை பழுத்துக் காயும்போதுதான் கீழே கிழங்கு முற்றியிருக்கும். அதுவரை காத்திருக்க வேண்டும் என்பதால் இருளர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. மழைக்காலத்தில் கொடியை முதலில் பார்த்தவர் அதிலேயே ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் அது அவருடையது. வீட்டுக்கு வீடு முடிச்சு வேறு. பாப்பாத்தியினுடையது இரட்டைச் சுருக்கு. கிழங்கை எடுத்தவர் அதன் தலைப்பகுதியைத் திரும்பக் குழியிலேயே வைத்து மண் மூடிவிட்டு வரவேண்டும். அடுத்தவர் முடிச்சைத் தோண்டித் தின்றவனுக்கு அந்த வீடுகளில் மரியாதை கிடையாது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தக் கெட்ட பெயர் குணாவின் தலையில் விழுந்தது. குணா பாப்பாத்தியின் கூடப்பிறந்த தம்பி. பெயரைக் கட்டிவிட்டவளும் அவளேதான்.

அந்த வருஷம் மலைச்சரிவில் ஒரு காரைப் புதரில் அவள் கொடி ஒன்றை முடிந்து வைத்திருந்தாள். தை மாதம் போய்ப் பார்த்தால் புதரடியில் புதுக்குழி. குழியின் ஓரத்தில் இரட்டைச் சுருக்கோடு காய்ந்த கொடி கிடக்கிறது. அன்று காலையில் அந்தப் பக்கமிருந்து கிழங்கு சுமந்து வந்தவன் குணா. அவனும் அக்காவுக்குத் தப்பாத தம்பி. எதைக் கண்டாலும் நோண்டிப் பார்க்காமல் விடமாட்டான். "நான் தோண்டுனது என் கொடிக்கா. நானே முடிஞ்சது" என்றான். அவள் அந்தக் காய்ந்த கொடியை அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"அப்ப இது இன்னாடா? கூடப் பொறந்தவ முடிச்சுன்னு தெரிஞ்சே தோண்டித் துன்னவன் நீ. இனிமே உனக்கும் எனக்கும் ஒண்ணும் கெடையாது."

எல்லா வீட்டு ஆட்களும் நின்று கேட்டார்கள். ஒருவரும் குணாவுக்காக வாய் திறக்கவில்லை. அந்த வாரமே திருப்பதிக்கு வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பாப்பாத்தியும் அதற்குப் பிறகு அந்தச் சரிவுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மற்றவர்களும் அதைச் சண்டைப் புதர் என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள்.

இந்த வருஷம் மஞ்சுவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஸ்ரீசிட்டியில் அவளோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் சத்தியவேட்டுப் பையன். மாசியில் முகூர்த்தம். அவர்கள் வழக்கப்படி தாய்மாமன் கையைப் பிடித்து அழைத்துவந்து உட்காரவைக்காமல் பெண் மணையில் உட்கார மாட்டாள்.

"பங்காளி முறையில யாராச்சும் ஒர்த்தர் நிக்கட்டும்" என்றாள் பாப்பாத்தி.

"மாமா உயிரோட கீறாரு. இன்னொருத்தர் கையப் பிடிச்சிக்கினு நான் வரமாட்டேன். கல்யாணமே வேணாம்னு சொல்லிடு" என்றாள் மஞ்சு. சொன்னதோடு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். அம்மாவுக்குப் பெண் சளைத்தவளா?

அன்று காலை பாப்பாத்தி கடப்பாரையும் கூடையுமாக மலைக்குப் போனாள். மனசு சரியில்லை என்றால் அவளுக்குத் தோண்ட வேண்டும். பாதி வழியில் நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ச் சரிவில் ஒரு புதர் முழுக்க மஞ்சளாகப் பழுத்துக் கிடந்தது. புதர் பழுக்கவில்லை, அதன் மேல் படர்ந்திருந்த கொடி பழுத்திருந்தது. அத்தனை பெரிய படர்த்தியை அவள் பார்த்ததே இல்லை. சண்டைப் புதர் இருக்கும் அந்தச் சரிவுக்குப் போவதில்லை என்ற வைராக்கியம் ஒரு நிமிஷம் நின்றது. அதற்குள் கால் நடக்க ஆரம்பித்துவிட்டது.

காரை முள்ளை விலக்கிக்கொண்டு அடியைத் தேடினாள். புதருக்கு அந்தப் பக்கம், புற்றை ஒட்டி, கட்டைவிரல் பருமனுக்குக் கொடி இறங்கியிருந்தது. யார் முடிச்சும் இல்லை. கடப்பாரையைப் போட்டாள். முழங்கால் ஆழத்தில் கிழங்கு தொடையளவு இருந்தது. இன்னும் தோண்டினாள். இடுப்பளவுக் குழியில் நின்று தடவிப் பார்த்தாள். கீழே போகப் போகப் பெருத்துக்கொண்டுதான் போனதே தவிர முடிகிற வழியாகத் தெரியவில்லை. "இன்னாடி இது, எங்கதான் போற நீ?" என்று கிழங்கைப் பார்த்துக் கேட்டாள். எத்தனை வருஷம் ஆள் தொடாமல் இருந்தால் இப்படி ஆகும் என்று யோசித்தாள். நாலு, ஐந்து ஆகியிருக்க வேண்டும்.

வேர்வையைத் துடைக்க நிமிர்ந்தபோதுதான் புதருக்கு இந்தப் பக்கம் அந்தப் பழைய பள்ளம் கண்ணில் பட்டது. குணா தோண்டியது. நடுவில் அவன் முறைப்படி வைத்துவிட்டுப் போன தலை முளைத்து, மெல்லிய கொடியாக ஏறிக் காய்ந்திருந்தது. அவன் எடுத்தது அது என்றால், இது யாருடையது?

குழியிலிருந்து ஏறி வந்து அந்த மெல்லிய கொடியைப் பிடித்தாள். இழுக்கக்கூட இல்லை, அடியில் கழன்று கையோடு வந்துவிட்டது. காய்ந்த கொடி அப்படித்தான். காற்று தள்ளும், ஆடு இழுக்கும். இது அவளுக்குத் தெரியாததா? அந்த வருஷம் அவள் முடிந்தது புற்றுப் பக்கம். அதுவும் இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. ஒரே புதரில் இரண்டு கொடி ஏறியிருக்கிறது. அவளுடைய கொடி முடிச்சோடு கழன்றுபோய்த் தம்பியின் குழி ஓரத்தில் விழுந்திருக்கிறது. கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. ஊரிலுள்ள பொந்தையெல்லாம் குனிந்து பார்க்கிறவள் அன்றைக்கு ஒரு புதரைச் சுற்றி வந்து பார்க்கவில்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். பிறகு எழுந்து, எடுத்த மண்ணையெல்லாம் திரும்பக் குழியில் தள்ளி மூடினாள். அந்தக் கிழங்கைத் தின்ன அவளுக்கு மனசு வரவில்லை.

வெறுங்கூடையோடு இறங்கி வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எதிரே போய் நின்றாள். "குணா என் முடிச்சத் தொடல. புதர்ல ரெண்டு கொடி இருந்திருக்குது. நான் பாக்காமயே பேசிட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க" என்றாள். அவமானமாகத்தான் இருந்தது. இருக்கட்டும் என்று நின்றாள்.

சாயங்காலம் மஞ்சு வந்ததும் நடந்ததைச் சொன்னாள். "மாமா எங்க கீறாருன்னு எனக்குத் தெரியும். போன்ல பேசிக்கினுதான் கீறேன்" என்றாள் மஞ்சு.

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

மறுநாள் காளாஸ்திரியில் பஸ் மாறித் திருப்பதி போய்ச் சேர்ந்தாள் பாப்பாத்தி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லாட்ஜ். குணாவுக்கு அங்கே தோட்ட வேலை. வாசலில் தொட்டி தொட்டியாகக் குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். யாருக்கும் தின்ன உதவாத செடி. ஆனால் பக்கவாட்டுச் சந்தில் தண்ணீர்க் குழாயின் மேல் புடலங்கொடி ஏறியிருந்தது. அது யார் வேலை என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நலம் விசாரிக்காமல், நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். குழாயடியில் சொன்னதையும் சொன்னாள். அவன் தண்ணீர் விடுவதை நிறுத்தவில்லை.

"நைனா செத்தப்ப வந்தேன்க்கா" என்றான் குணா. "காளாஸ்திரி வரைக்கும் வந்தேன். எந்த மூஞ்சிய வச்சிக்கினு ஊருக்குள்ள வர்றதுன்னு தெரியல. எறங்கித் திரும்பிட்டேன்."

"தப்புதாண்டா. அதுக்கு மேல எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியல" என்றாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பொண்ணு நல்லா இருக்கட்டும். என்னால அந்த ஊருக்குள்ள வர முடியாது. போ."

வற்புறுத்த அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு லாட்ஜ் கேட் பக்கம் நடந்தாள். பாதி தூரம் போயிருப்பாள்.

"எவ்ளோ பெரிசு இருந்துச்சு?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"தெரியலடா."

"தெரியலையா? எடுத்துட்டுத்தானே வந்த?"

"எடுக்கல. இடுப்பு ஆழம் போனேன், அடி தெரியல. மூடிட்டேன்."

குணா கையிலிருந்த குழாய் தொட்டியை விட்டுத் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தது. "கீழ பாறை இருக்குதே அங்க. பாறையச் சுத்திக்கினு போவுதா, நேரா எறங்குதா?"

"அதையும் பாக்கல."

"அதக்கூடப் பாக்காம எப்பிடிக்கா மூடுன?" என்றான். ஐந்து வருஷத்தில் முதல்முறையாக அவன் குரல் அவனுடையதாக இருந்தது.

"எனக்குத் தனியாப் பாக்கத் தெம்பு இல்லடா" என்றாள் பாப்பாத்தி.

அவன் தண்ணீரை நிறுத்தினான். குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போனான். மேனேஜரிடம் தெலுங்கில் லீவு கேட்பது வெளியே நின்றவளுக்குக் கேட்டது. எதற்கு, எத்தனை நாள் என்று மேனேஜர் கேட்டார்.

அக்கா மகளுக்குக் கல்யாணம் சார் என்றான் குணா. தாய்மாமன் நான், கல்யாணம் முடிகிறவரைக்கும் அங்கே இருக்க வேண்டும் என்றான்.